பொங்கல் பானைக் குடித்தனம்



இந்த இதழில் கடைசியாக அச்சுக்குப் போகும் பக்கம் இதுதான். கட்டுரை தாமதமானால் எழுதுகிறவர்களைத் துரத்துவது என் வேலை. இம்முறை பக்கம் கட்டும் தம்பி என்னைத் துரத்துகிறார். "அண்ணே, உங்க பக்கம் மட்டும்தான் பாக்கி" என்று காலையிலிருந்து மூன்று முறை ஃபோன் வந்துவிட்டது. காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, சிரிப்பார். உங்களிடம் சொல்லலாம். வீட்டில் முட்டை வைத்திருக்கிறார்கள்.

எங்கள் ஃபிளாட்டின் கூடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் கடல்நீர், இரண்டு கோமாளி மீன்கள், ஒரு மண்பானை. பொங்கலுக்கென்று லிட்டில் இந்தியாவில் வாங்கிய சின்னப் பானை அது. வீட்டுக்கு வரும் வழியிலேயே விளிம்பு உடைந்துபோனது. உடைந்த பானையில் பொங்கல் வைக்கக் கூடாது என்று என் மனைவி ஒதுக்கி வைத்தார். வர்ணம் பூசாத பானையாக இருந்ததால், பல நாள் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவித் தொட்டியில் சாய்த்து வைத்தேன். மீன்கள் இரண்டும் அன்றைக்கே கிருகப்பிரவேசம் செய்துவிட்டன. போன வாரம் அந்தப் பானையின் உட்சுவரில் ஒரு ஐம்பது காசு அகலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் முட்டைகளை ஒட்டியிருந்தார்கள். அதிலிருந்து நான் நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தவன்தான்.

முட்டையைப் பற்றி மட்டும் எழுதி முடித்திருப்பேன். ஆனால் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகியின் கடிதம் இரண்டு மாதமாக என் மேசையில் இருக்கிறது. ஏழு வயது மகன் 'நெமோ' வேண்டும் என்று அழுகிறானாம். "நீங்கள் பினாங்குத் தீவில் இருக்கிறீர்கள், நாலு பக்கமும் கடல். ஒரு வாளி கடல் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் ஆகாதா, எதற்கு இவ்வளவு செலவு என்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நானும் ஒரு காலத்தில் அதையே கேட்டவன்.

எஸ்பிளனேடில் மாலை நேரம் நின்று பார்த்திருப்பீர்கள். ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அந்த நீரிணையின் நிறம் என்ன? தே தாரேக், நம் பால் டீயின் நிறம்! இந்தப் பக்கம் சுங்கை பினாங்கு, அந்தப் பக்கம் பிறை ஆறு, வடக்கே சுங்கை மூடா எல்லாம் சேற்றைக் கொண்டுவந்து கொட்டும் இடம் அது. நடுவில் துறைமுகம், கப்பல், ஃபெரி. அந்தத் தண்ணீரில் கெளுத்தியும் மடவையும் சந்தோஷமாக இருக்கும். கோமாளி மீன் தெளிந்த பவளக்கடலின் பிள்ளை. அதற்காக அது ஏதோ ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்நிய மீன் என்றும் நினைக்க வேண்டாம்.  நம் கடைகளில் அதிகம் கிடைப்பது 'ஓசெல்லாரிஸ்' என்ற ஜாதி. அந்தமான் கடலும் நம் மலேசியக் கடல்களும் அதற்குச் சொந்த வீடு. லங்காவிக்கும் பினாங்குக்கும் நடுவே இருக்கிற பாயார் தீவின் பவளத்திட்டுகளில் முகமூடியைப் போட்டுக்கொண்டு மிதந்தால், கடல் சாமந்தி என்னும் செடிபோன்ற உயிரியின் விரல்களுக்கு நடுவே இவர்கள் எட்டிப் பார்ப்பதைக் காணலாம். காணலாம், அவ்வளவுதான். அது பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. ஒரு சிப்பியைக்கூடத் தூக்கிவரக் கூடாது.

ஆக, கடலுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு உப்பை விலைக்கு வாங்கிக் கடல் செய்ய வேண்டிய நிலை. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். நூறு லிட்டர் தொட்டிக்கு மூன்றரைக் கிலோ. சமையல் உப்பைக் கொட்டிவிடாதீர்கள். மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கடலில் இருக்கும் விகிதத்தில் சேர்த்த உப்பு தனியாக விற்கிறது. குளோரின் போன தண்ணீரில் கரைத்து, ஒரு நாள் முழுக்கக் காற்றோட்டியை ஓடவிட்டு, அடர்த்தி 1.025 வருகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தில் என் முதல் அனுபவத்தைச் சொன்னால் ஆசிரியர் என்ற மரியாதை போய்விடும். போகட்டும். 2003-ல் 'நெமோ' படம் வந்தபோது என் மகளுக்கு எட்டு வயது. பட்டர்வொர்த் வாசகியின் மகன் அழுத அதே அழுகை எங்கள் வீட்டிலும். முதலில் போன கடையில் வயதான சீன முதலாளி, தவுக்கே, ஒருவர். தொட்டியைக் காட்டினார், உப்பைக் காட்டினார், மீனைக் கேட்டதும் தலையாட்டிவிட்டார். "ஆயேர் டூலு, ஈக்கான் கெமுடியான்." தண்ணீர் முதலில், மீன் பிறகு. எத்தனை நாள் என்றேன். ஆறு வாரம் என்றார். எட்டு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறவனிடம் ஆறு வாரம்! விற்கத் தெரியாத மனிதர் என்று முடிவுகட்டி வேறொரு கடைக்குப் போனேன். அங்கே எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் கட்டிக் கொடுத்தார்கள். தொட்டி, விளக்கு, உப்பு, மீன், தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் ஒன்று.

பதினோராம் நாள் இரண்டு மீன்களும் செத்து மிதந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகத்தான் இருந்தது.

தெளிவாக இருக்கும் தண்ணீர் விஷமாக இருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அம்மோனியா கழிகிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அதுவே ஆகிறது. கடலில் அது எங்கோ கரைந்து போகும், தொட்டியில் எங்கே போகும்? பாறையிலும் மணலிலும் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்க வேண்டும். அதுவும் விஷம்தான். இன்னொருவகை வந்து அதை நைட்ரேட் ஆக்க வேண்டும். அது அவ்வளவு மோசமில்லை, வாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் கட்டுக்குள் நிற்கும். இந்த இரண்டு கூட்டமும் பெருகுவதற்குத்தான் தவுக்கேயின் ஆறு வாரம். கடல்நீர் காரத்தன்மை உடையது என்பதால் அதில் அம்மோனியாவின் கொடுமை நன்னீரைவிட அதிகம் என்பதையும் பிற்பாடுதான் படித்தேன்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பால் தயிராக வேண்டுமானால் உறை ஊற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும், அரைமணிக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தால் ஆகாது. பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலோ ஒரு துண்டுப் பாறையோ கிடைத்தால் அதுதான் உறை மோர். சீக்கிரம் உறையும். ஆனாலும் சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மீன் கூடாது. இரண்டாம் முறை, 2012-ல், அந்தத் தவுக்கேயிடமே போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என்னை அவருக்கு ஞாபகமில்லை. நல்லதாகப் போயிற்று.

அந்த ஹீட்டரைப் பற்றிச் சொல்லவில்லையே. இன்னும் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. கடல்மீன் வளர்ப்புப் புத்தகங்களில் பாதிக்கு மேல் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஜனவரியில் தண்ணீர் உறைந்துவிடாமல் சூடாக்குவது அவர்கள் கவலை. நம் கவலை நேர் எதிர். பினாங்கில் மத்தியானம் 32 டிகிரி. பூட்டிய ஃபிளாட், மேலே விளக்கு, உள்ளே மோட்டார். தொட்டித் தண்ணீரும் அந்த அளவுக்கு ஏறிவிடும். இந்த மீன் 28, 29 வரை முகம் சுளிக்காது, அதன் சொந்தக் கடலே அந்தச் சூடுதான். அதற்கு மேல் போகப் போக ஆபத்து. சூடு ஏறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கோ மூச்சு அதிகம் தேவைப்படும். 2010-ல் கடலே சூடாகிப் பவளங்கள் வெளுத்ததும், நம் கடல் பூங்காக்களில் சில முக்குளிப்புத் தளங்களை மாதக்கணக்கில் மூடி வைத்ததும் ஞாபகம் இருக்கலாம். பெரிய கடலுக்கு நேர்ந்தது மூன்றடித் தொட்டிக்கு ஒரு மத்தியானத்தில் நேர்ந்துவிடும்.

சில்லர் வாங்கலாம், ஆயிரம் வெள்ளியைச் சுலபமாகத் தாண்டும், மின்கட்டணம் வேறு. நான் சின்ன விசிறி இரண்டைத் தண்ணீர்மேல் வீசும்படி பொருத்தியிருக்கிறேன். இரண்டு டிகிரி குறைகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

விசிறி வைத்தால் இன்னொரு வேலை கூடும். தண்ணீர் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். ரசம் சுண்டினால் கரிக்கிறதே, அதே கதை. கரித்த ரசத்தில் யாராவது இன்னும் உப்பைப் போடுவார்களா? ஆனால் புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் குறைந்த அளவுக்குக் கடல்நீரையே ஊற்றி ஊற்றித் தொட்டியைச் சாக்கடல் ஆக்கிவிடுகிறார்கள். தினமும் காலையில் ஒரு செம்பு நன்னீர் போதும். 2024 ஜனவரியில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகத் பினாங்கில் பல இடங்களில் நாலு நாள் தண்ணீர் நிற்கும் என்று அறிவித்தபோது, எங்கள் மாடியில் எல்லா வீட்டிலும் குளிக்கவும் சமைக்கவும் வாளி நிறைத்தார்கள். நான் முதலில் நிறைத்தது இவர்களுக்கான இரண்டு டின். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் நீளம் நாலு நாள்.

கடல் சாமந்தி வேண்டுமே என்பீர்கள். நெமோ என்றாலே அந்த ஊதா விரல்களுக்குள் புரளும் காட்சிதானே கண்ணில் நிற்கிறது. வேண்டாம், குறைந்தது முதல் வருடம் வேண்டாம். கடலில் அந்தச் செடிபோன்ற உயிரியின் கொட்டும் விரல்கள் இல்லாவிட்டால் இந்த மீனை யார் வேண்டுமானாலும் விழுங்கிவிடுவார்கள். தொட்டியில் விழுங்க யாரும் இல்லை, ஆகையால் மீனுக்கு அது அவசியமும் இல்லை. அதற்கோ பலமான வெளிச்சமும் நிலைபெற்ற பழைய தொட்டியும் வேண்டும். பிடிக்காவிட்டால் இடம் தேடி நடக்கும். ஆமாம், நடக்கும். என்னிடம் இருந்த ஒன்று ராத்திரியில் நடந்துபோய் மோட்டார் வாயில் மாட்டிக் கூழாகிவிட்டது. காலையில் தொட்டி பால் கலங்கியதுபோல் இருந்தது. மீன்களைக் காப்பாற்றத் தண்ணீரில் பாதியை மாற்ற வேண்டியதாயிற்று. எடின்பரோவில் 1828-ல் டாலியல் என்பவர் கடற்கரையிலிருந்து கொண்டுவந்து ஜாடியில் வளர்த்த கடல் சாமந்தி ஒன்று, அவர் 1851-ல் காலமான பிறகும் கை மாறிக் கை மாறி 1887 வரை வாழ்ந்தது. 'பாட்டி' என்றே அதைக் கூப்பிட்டார்கள். அத்தனை காலம் வாழக்கூடிய ஒன்றை மூன்று மாதத்தில் மோட்டாருக்குக் கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு பானைதான்.

மீன் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். பவளத்திட்டுகளில் சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் 1960-களில் பிலிப்பைன்ஸில் ஆரம்பித்து இந்தோனேசியா வரை பரவியது. பிடித்த மீன் கடைத் தொட்டியில் அழகாக நீந்தும், வீட்டுக்கு வந்து சில வாரத்தில் காரணம் தெரியாமல் சாகும். பவளத்தின் கதி சொல்ல வேண்டாம். கோமாளி மீனுக்கு இந்தப் பாவத்தைச் சுமக்கவே வேண்டியதில்லை. கடல் அலங்கார மீன்களில் பண்ணையில் பொரிக்க முதலில் வசப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. 1970-களிலேயே ஃபுளோரிடாவில் மார்ட்டின் மோ இதைச் சாதித்துவிட்டார். பண்ணைக் குஞ்சு தொட்டிக்குப் பழகியது, கையில் கொடுக்கும் குருணைத் தீனியைத் தின்னும், ஆளைக் கண்டால் கண்ணாடிக்கு ஓடிவரும். என் பெண்மீனின் நடுப்பட்டை பாதியிலேயே நின்றுவிட்டது. பண்ணைக் குஞ்சுகளில் அது சகஜம். வர்ணம் அடித்தவன் டீ குடிக்கப் போனவன் திரும்பவில்லை போலிருக்கிறது என்பாள் என் மகள்.

நம் ஆட்களும் இதில் சும்மா இல்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே கோமாளி மீன்களைப் பொரித்துப் பெருக்கியிருக்கிறார்கள். ராமேஸ்வரத்துக்கு முன்னால் வரும் மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1947-ல் தொடங்கிய அந்த நிலையத்தின் தலைமையகமே 1971-ல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தில்தான் இருந்தது. இந்தப் பெயர்களை எழுதும்போது எனக்கு வேறொரு கணக்கு ஓடுகிறது. சோழமண்டலக் கரையின் மரக்காயர்கள் பாய்மரத்தில் வந்து இறங்கிய ஊர் எங்கள் பினாங்கு. சூலியா தெருவின் நாகூர் தர்கா அதற்குச் சாட்சி. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி வந்தவர். அந்தக் கரையில் இன்று மீன்குஞ்சு பொரிக்கிறார்கள், இந்தக் கரையில் அவர் பேரன் பானைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

நன்னீர் மீனில் பினாங்குக்காரர்கள் குருமார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இங்குள்ள வாசகர்கள் சண்டைக்கு வருவார்கள். அமேசான் ஆற்றின் டிஸ்கஸ் மீனை இங்கே தொட்டிகளில் பெருக்கி உலகத்துக்கே அனுப்பிய ஊர் இது. அந்தக் கை உப்புத் தண்ணீருக்குப் பழக வேண்டும், அவ்வளவே.

சரி, பானைக்கு வருகிறேன். பெரியது பெண், சின்னது ஆண். பிறக்கும்போது எல்லாம் ஆண்தான். கூட்டத்தில் எது முந்திக்கொண்டு வளர்கிறதோ அது பெண்ணாகிவிடும். அடுத்தது அவள் கணவன். மற்றவை வளர்ச்சியை அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். பெண் இறந்தால் கணவன் பெண்ணாவான், வரிசையில் அடுத்தவன் கணவனாவான். ஆகவே ஜோடி சேர்க்க, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டு குஞ்சுகளை வாங்கினாலே போதும். மூன்றாவதை வாங்கிப் போட்டால் அடித்தே கொன்றுவிடுவார்கள். என் ஜோடி வந்து ஒரு டஜன் வருடம் ஆகிவிட்டது. மகள் கல்யாணமாகிக் கோலாலம்பூர் போய்விட்டாள். இருபது வருடத்துக்கு மேல் தொட்டியில் வாழ்ந்த கோமாளி மீன்கள் உண்டு. ஏழு வயது மகனுக்கு வாங்கிக் கொடுக்கும் தாய்மார்கள் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும். பையன் வேறூருக்குப் படிக்கப் போவான், மீன் உங்களிடம் இருக்கும்.

முட்டையைக் காப்பது முழுக்க அவன் வேலை. பக்கத்துத் துடுப்பால் ஓயாமல் விசிறுகிறான். ஒவ்வொரு முட்டையாக வாயை வைத்துச் சோதிக்கிறான். பூஞ்சை பிடித்ததைத் தின்றுவிடுகிறான். அம்மணி இடையிடையே வந்து மேற்பார்வை பார்த்துவிட்டுப் போகிறாள். முதல் நாள் ஆரஞ்சாக இருந்தவை மூன்றாம் நாள் கருத்தன. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு வெள்ளிப் புள்ளி. கண்கள். நூற்றுக்கணக்கான கண்கள் என்னைப் பார்த்தன.

ஏழெட்டு நாளில், விளக்கை அணைத்து இருட்டாகி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பொரிக்கும். முதல் தடவை ஆர்ட்டீமியா குஞ்சை ஊட்டப் பார்த்தேன். இவர்கள் வாய்க்கு அது பெரிது. மூன்றாம் நாள் ஒருவரும் இல்லை. முதல் வாரத்துக்கு ரோட்டிஃபர் என்கிற கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் நுண்ணுயிர்தான் ஆகாரம். அதற்கு ஆகாரம் பச்சைப் பாசி நீர். அதைத் தண்ணீர் போத்தல்களில் நிறைத்துச் சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு வந்த என் மைத்துனி பாண்டான் சாறு என்று நினைத்து ஒரு டம்ளர் ஊற்றிவிட்டாள். குடிக்கும் முன் மணம் காப்பாற்றியது. சென்ற ஈட்டில் பதினோரு குஞ்சுகள் பிழைத்து, தலையில் வெள்ளைப் பட்டை விழும்வரை வளர்ந்தன. இன்னும் கொஞ்சம் பெரிதானதும் தவுக்கேயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன். அவர் ஒரு பை உப்பைத் தூக்கிக் கையில் கொடுத்தார்.

பட்டர்வொர்த் அம்மா, உங்கள் மகனை முதலில் பத்து மாவுங்கில் மீன்வள ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் இருக்கும் மீன்காட்சிசாலைக்கு அழைத்துப் போங்கள். திறந்திருக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். அங்கே பார்த்த பிறகும் அவன் கேட்டால், தொட்டியும் உப்பும் மட்டும் வாங்கிக் கொடுத்து ஆறு வாரம் தண்ணீரைச் சோதித்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டை எனக்கு அனுப்பினால், இந்த ஈட்டில் தலைப்பட்டை விழும் குஞ்சுகளில் இரண்டை அவனுக்கென்று எடுத்து வைக்கிறேன். பிழைத்தால்தான்.

தம்பி நாலாவது முறை அடிக்கிறார். மணி ஏழரை, இன்றைக்கு ஏழாம் இரவு. கூடத்தின் விளக்கை அணைக்க வேண்டும். கப்பும் டார்ச்சும் எடுத்து வைத்தாயிற்று.

அன்புடன்,
ஆசிரியர்